பழைய செரோக்கி விமானத்துக்குப் புது வயரிங்

பைப்பர் செரோக்கி 180, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீரோ பீச் ஆலையில் 1960களில் செய்யப்பட்ட நான்கு இருக்கை விமானம். லைகமிங் ஓ-360 எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் விமான உடம்போடு இணைந்தது). ஃபிளாப்பைக் கையால் இழுக்க வேண்டும், சக்கரம் உள்ளே மடங்காது. அதனால் மின்சாரத்துக்கு வேலை குறைவு: ஸ்டார்ட்டர், எரிபொருள் பம்ப், விளக்குகள், பிட்டோ ஹீட்டர் (வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் காப்பது), ரேடியோக்கள், சில மீட்டர்கள். வரைபடத்தில் பார்த்தால் ஓர் அம்பாசிடர் கார் வயரிங்கைவிடப் பெரிதாகத் தெரியாது. பேனலுக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தால்தான் நிலவரம் புரியும். எப்போதோ கழற்றிய ரேடியோக்களின் வயர்கள் வெட்டியபடியே தொங்கும். கார் கடையில் வாங்கிய பிவிசி வயர் ஒன்று குறுக்கே ஓடும். இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி வழிந்திருக்கும். ஒரே எர்த் போல்ட்டில் ஏழெட்டு லக்குகளை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையங்களை) அடுக்கியிருப்பார்கள்.

இத்தனை வயதான விமானத்தில் கோளாறு வயரின் நடுவில் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் முனையில்தான் இருக்கும்: லக், போல்ட், பிரேக்கரின் (கரன்ட் மிஞ்சினால் சுற்றைத் துண்டிக்கும் சாதனம்) கான்டாக்ட், எர்த் பிடிக்கும் தகடு. எல்லா வயரையும் புதிதாக இழுத்துவிட்டுப் பழைய பிரேக்கரிலும் பழைய எர்த் போல்ட்டிலும் கொண்டுபோய் மாட்டினால் செலவு செய்ததுதான் மிச்சம்.

பிரிக்கும் முன் அளப்பது

முதலில் ஸ்டார்ட்டர் பாதை. ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கை எடுத்துவிட வேண்டும். மிக்ஸ்சர் லீவர் எரிபொருளைத் துண்டிக்கும் ஐடில் கட்-ஆஃப்பில், எரிபொருள் வால்வு மூடியபடி, சக்கரத்துக்குக் கட்டை. சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் மேக்னெட்டோவுக்கும் (பிளக்குக்குப் பொறி தரும் சாதனம்) உயிர் வரும். இந்த ஏற்பாட்டில் எதையும் தவிர்க்கக் கூடாது. புரொபெல்லர் சுற்றும் வட்டத்துக்குள் ஆளும் கூடாது, ஏணியும் கூடாது.

ஒருவர் ஐந்து விநாடி கிராங்க் செய்ய, இன்னொருவர் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாதையைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து மாஸ்டர் கான்டாக்டரின் (மாஸ்டர் சுவிட்ச் இயக்கும் பெரிய ரிலே) உள்வாய் வரை, கான்டாக்டரின் இரண்டு போல்ட்டுக்கும் இடையே, அங்கிருந்து ஸ்டார்ட்டர் கான்டாக்டர் வரை, அதன் இரண்டு போல்ட்டுக்கும் இடையே, பிறகு ஸ்டார்ட்டர் போல்ட் வரை. கடைசியாக ஸ்டார்ட்டரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை. பலர் இந்தக் கடைசி அளவை எடுப்பதே இல்லை; பாதி விமானங்களில் வில்லங்கம் அங்கேதான். மீட்டர் முனையை லக்கின் மேல் வைக்காமல் போல்ட்டின் தலையில் வைக்க வேண்டும். லக்கில் வைத்தால் போல்ட்டுக்கும் லக்குக்கும் இடையிலான மூட்டு கணக்கில் வராமல் போய்விடும்.

கிராங்க் செய்யும்போது 200 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டில் வெறும் 5 மில்லி ஓம் இருந்தாலே அங்கு ஒரு வோல்ட் போய்விடும், அந்த ஒரே இடத்தில் 200 வாட் சூடு பிறக்கும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் 5 மில்லி ஓம் பூஜ்யமாகத்தான் தெரியும். "கன்டினியூட்டி இருக்கிறது, பீப் அடிக்கிறது" என்பது பெரிய கேபிள்களைப் பொறுத்தவரை எந்தச் சான்றும் ஆகாது. கரன்ட் ஓடும்போது வோல்ட்டேஜ் இறக்கத்தை அளப்பது ஒன்றே வழி. ஒரு மூட்டிலோ கான்டாக்டரிலோ 0.1 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம், 0.3 வந்தால் கழற்ற வேண்டியதுதான்.

விளக்கு, பிட்டோ, பம்ப் எல்லாவற்றையும் இதே போல ஒவ்வொன்றாக ஓடவிட்டு பஸ் பாருக்கும் (எல்லாச் சுற்றுக்கும் மின்சாரம் பிரியும் உலோகப் பட்டை) கருவிக்கும் இடையே அளக்கலாம். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேட்டில் 11ஆம் அத்தியாயம் முழுக்க மின் அமைப்பு பற்றித்தான். 14 வோல்ட் அமைப்பில் தொடர்ந்து ஓடும் லோடுக்கு 0.5 வோல்ட், விட்டுவிட்டு ஓடும் லோடுக்கு 1 வோல்ட் இறக்கம் வரை ஏற்கலாம். 28 வோல்ட் அமைப்பில் இவை இரண்டு மடங்கு. விமான உடம்பு வழியாகத் திரும்பும் எர்த் பாதையில் 0.005 ஓமுக்கு மேல் கூடாது. அளந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தபின் அதே இடங்களில் அளந்து ஒப்பிடலாம்.

காகித வேலையையும் பிளையரைக் கையில் எடுக்கும் முன்பே பேசித் தீர்ப்பது நல்லது. அமெரிக்கப் பதிவு விமானத்தில் உரிமையாளர் கைவேலை செய்யலாம். ஆனால் ஏ அண்ட் பி (விமான உடம்பு, எஞ்சின்) உரிமம் உள்ள மெக்கானிக் நேரில் மேற்பார்த்து லாக்புக்கில் கையெழுத்திட வேண்டும். அதே சுற்றுக்குத் தரமான புது வயர் போடுவது பராமரிப்புக்குள் அடங்கும். பஸ்ஸை இரண்டாகப் பிரிப்பது, இரண்டாவது ஆல்டர்னேட்டர் வைப்பது போல மின் அமைப்பின் அடிப்படையையே மாற்றினால் ஃபார்ம் 337 (பெரிய மாற்றங்களைப் பதியும் எஃப்ஏஏ படிவம்), அங்கீகாரம் பெற்ற தரவு என்று விஷயம் நீளும்.

எந்த வயர், எத்தனை கேஜ்

இப்போது எல்லோரும் போடுவது எம்22759/16 என்ற தர எண் கொண்ட விமான வயர். டின் பூசிய செம்பு இழைகள், டெஃப்செல் இன்சுலேஷன், 600 வோல்ட், 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பழைய ஆலை வயர் பிவிசி மேல் நைலான் உறை, 105 டிகிரி. வளையும் இடத்தில் நைலான் வெடித்திருக்கும், உள்ளே பிவிசி விறைத்திருக்கும். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கலந்த அடர்புகை வரும்; மூடிய காக்பிட்டில் அதைச் சுவாசித்துக்கொண்டு இறங்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. கார் வயர் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். உபரிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேப்டான் (பாலிஇமைடு இன்சுலேஷன்) வயரும் வேண்டாம். கீறலில் ஒரு பொறி பறந்தால் இன்சுலேஷனே கரியாகி, அந்தக் கரி வழியே பொறி தொடர்ந்து ஓடும்.

பிரேக்கர் காப்பது வயரை; கருவியை அல்ல. ஆகவே (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) 22 கேஜுக்கு 5 ஆம்பியர் பிரேக்கர், 20க்கு 7.5, 18க்கு 10, 16க்கு 15, 14க்கு 20, 12க்கு 30 என்பது மேல்வரம்பு. பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அடுத்த சைஸ் பிரேக்கரை மாட்டியிருப்பதைப் பழைய விமானங்களில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். அங்கு வயரையும் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கணக்கு மட்டும் போதாது. பிட்டோ ஹீட்டருக்கு 10 ஆம்பியர், பஸ்ஸிலிருந்து இறக்கை வரை வயர் 20 அடி, திரும்புவது உடம்பு வழியே என்று வைத்துக்கொண்டால், பிரேக்கர் கணக்குப்படி 16 கேஜ் தாராளம். ஆனால் 16 கேஜுக்கு ஆயிரம் அடிக்கு 4.81 ஓம், 20 அடியில் 0.96 வோல்ட் போய்விடும். 14 கேஜ் போட்டாலும் 0.61. 12 கேஜில்தான் 0.40க்கு இறங்கி வரம்புக்குள் வருகிறது. நீளமான இறக்கை வயர்களில் கேஜை முடிவு செய்வது சூடு அல்ல, வோல்ட்டேஜ் இறக்கம். பேனலுக்குள்ளேயே முடியும் இரண்டடி வயர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

லேண்டிங் லைட்டுக்குப் பழைய 4509 பல்ப் 100 வாட், கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். எல்இடி போட்டால் பாதிக்கும் குறைவு. அதற்காக வயரைச் சிறிதாக்கினால் பிரேக்கரையும் சிறிதாக்க வேண்டும். மறக்கக் கூடாதது அவ்வளவுதான்.

அலுமினிய கேபிள்

இந்த மாடலில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில், எஞ்சின் முன்னால். இடையே நீளமான கேபிள். எடையை மிச்சப்படுத்த அந்தக் காலத்தில் பைப்பர் இதற்கு அலுமினியம் போட்டது. எடைக்கு எடை பார்த்தால் அலுமினியம் செம்பைவிட நன்றாகக் கடத்தும், அதனால் யோசனை தப்பில்லை. காலப்போக்கில் கெடுவது முனைகள்தான். அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் கடத்தாத ஆக்சைடு படலம் படியும். லக்கின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், கிரிம்ப் (லக்கை வயரோடு அழுத்திப் பிடித்த இடம்) தளரும். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம். பேட்டரி ஆவியும் ஈரமும் சேர்ந்தால் லக்கின் கழுத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். வெளியே உறை நன்றாகவே இருக்கும். உறையை ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளினால்தான் பூத்தது தெரியும். குளிர்காலத்தில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது என்று பேட்டரியை மாற்றி, ஸ்டார்ட்டரை மாற்றி, கடைசியில் கேபிளுக்கு வருபவர்கள் நிறைய.

இதைச் செம்புக்கு மாற்றப் பைப்பரே சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட்டும் விற்பனையில் உண்டு. 2 கேஜ் செம்பு 10 அடிக்கு 1.83 மில்லி ஓம், 200 ஆம்பியரில் 0.37 வோல்ட். அதே தடிமனில் அலுமினியம் 0.6 வோல்ட் தின்னும், மூட்டுகள் தனி. லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்பரில் அறுகோணமாக அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கும் வகைக் கருவி டிராக்டருக்கு ஆகும்.

பேட்டரியிலிருந்து மாஸ்டர் கான்டாக்டர் வரையுள்ள துண்டுக்கு எந்த ஃபியூஸும் கிடையாது, மாஸ்டரை அணைத்தாலும் உயிரோடு இருக்கும். அதனால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. போல்ட்டுக்கு ரப்பர் தொப்பி கட்டாயம். மாஸ்டர் கான்டாக்டர் தொடர்ந்து ஓடும் ரகம், ஸ்டார்ட்டர் கான்டாக்டர் சில விநாடிகளுக்கான ரகம். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பார்ட் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், மாற்றிப் போட்டால் மாஸ்டரின் காயில் (கம்பிச் சுருள்) வெந்துவிடும்.

கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு வேண்டும். இல்லையென்றால் சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் காயிலின் மின்னழுத்தம் எகிறி, சுவிட்சின் கான்டாக்டைப் பொறி அரிக்கும். டையோடின் வெள்ளி வளையம் பாசிட்டிவ் பக்கம். தலைகீழாக மாட்டினால் சுவிட்ச் போட்ட நொடியில் நேர் ஷார்ட்.

எர்த்

எஞ்சின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விமான உடம்போடு அதை மின்சாரத்தால் இணைப்பது ஒரு பின்னல் பட்டை மட்டுமே. அது அறுந்தாலோ போல்ட்டின் அடியில் பெயின்ட் இருந்தாலோ 200 ஆம்பியரும் வேறு வழி தேடும்: திராட்டில் கேபிள், மிக்ஸ்சர் கேபிள், பிரைமர் குழாய். திராட்டில் கேபிளின் உள்கம்பி சுருள் உறையோடு வெல்டிங் ஆகி இறுகிப்போவது இப்படித்தான். திராட்டில் திடீரென்று கனமானால் கேபிளுக்கு எண்ணெய் விடும் முன் எர்த் பட்டையைப் பார்க்க வேண்டும்.

எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டையும் பிரைமரையும் லக்கின் அகலத்துக்குச் சற்று கூடுதலாகச் சுரண்டி, பளபளப்பான உலோகம் தெரிந்ததும் தாமதிக்காமல் இறுக்கி, ஓரத்தைச் சுற்றி சீலன்ட் பூச வேண்டும். ஒரு போல்ட்டில் நான்கு லக்குக்கு மேல் கூடாது. சிறிய கருவிகளுக்கு ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் இடையிலான தடுப்புத் தகடு) ஒரு பித்தளைப் போல்ட்டை ஊடுருவவிட்டு, இருபுறமும் சொருகும் நாக்குகள் உள்ள பித்தளைத் தகடு வைத்தால் எல்லா எர்த்தும் ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

ஹெட்செட்டில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் வந்தால் ஃபில்டர் வாங்கும் முன் ஜாக்குகளைப் பாருங்கள். மைக், ஹெட்போன் ஜாக்குகள் பேனல் தகட்டைத் தொடாமல் ஃபைபர் வாஷர்களின் மேல் நிற்க வேண்டும். அவற்றின் எர்த் ஆடியோ பேனலுக்கே போக வேண்டும். ஒரு வாஷர் உடைந்தாலே விசில் வரும். எரிபொருள் மீட்டர் பொய் சொன்னாலும் முதல் சந்தேகம் டேங்கில் எரிபொருள் மட்டத்தை அறிந்து மீட்டருக்கு அனுப்பும் கருவியின் (சென்டர்) எர்த் மேல்தான்.

லக், கட்டு, பாதை

சிவப்பு லக் 22 முதல் 18 கேஜ், நீலம் 16-14, மஞ்சள் 12-10. விமான ரக லக்கில் பிளாஸ்டிக்குக்கு உள்ளே இன்னொரு உலோகக் குழல் இருக்கும். அது இன்சுலேஷனையும் சேர்த்துப் பிடிக்கும். அதிர்வில் வயர் அறுவது இழையும் இன்சுலேஷனும் சந்திக்கும் இடத்தில் என்பதால் அந்தக் குழலுக்குத்தான் காசு. முழுதும் அழுத்தாமல் கைவிடாத ராட்செட் கிரிம்பர் தேவை. சரியான கிரிம்ப்பில் இழைநுனி, இழையைப் பிடிக்கும் குழலுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும். இன்சுலேஷன் இழைக் குழலுக்குள் நுழைந்திருக்காது. உரிக்கும்போது ஓர் இழை வெட்டுப்பட்டாலும் நறுக்கிவிட்டு மறுபடி உரிப்பதே மேல். மாதிரிக்கு ஒன்றைச் செய்து ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்க்கலாம்: 22 கேஜ் சுமார் 7 கிலோ, 20 கேஜ் 8.6, 18 கேஜ் 17, 16 கேஜ் 23 கிலோ தாங்க வேண்டும். லக்கில் ஈயம் வைத்தால் ஈயம் இழைக்குள் ஏறி, அது நிற்கும் இடத்தில் வயர் விறைத்து ஒடியும்.

வயருக்கு எண் போடாமல் எதையும் கழற்றவும் கூடாது, மாட்டவும் கூடாது. எல்4பி14 என்றால் விளக்குச் சுற்று, நான்காவது வயர், அதன் இரண்டாம் துண்டு, 14 கேஜ். கடைசியில் 'என்' (N) எழுத்து சேர்ந்தால் எர்த். 15 அங்குலத்துக்கு ஒருமுறையாவது எண் தெரிய வேண்டும்.

கிளாம்ப்புகளுக்கு இடையே 24 அங்குலத்துக்கு மேல் விடாமல், கையால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யாமல் கட்ட வேண்டும். கன்ட்ரோல் கேபிள்களிலிருந்து 3 அங்குலம். எரிபொருள் குழாயிலிருந்து 6 அங்குலம் விலகி, குழாய்க்கு மேலே. கசிந்தால் சொட்டுவது வயர் மேல் விழக் கூடாது. தகட்டு ஓட்டை எதுவானாலும் ரப்பர் கிராமெட். எஞ்சின் பக்கம் நைலான் டை வேண்டாம்: சூட்டில் விறைத்து, அதன் ஓரம் இன்சுலேஷனை அறுக்கும். மெழுகு நூல் கட்டு மெதுவான வேலைதான், ஆனால் வருடக்கணக்கில் அசையாது.

ஆடும் அம்மீட்டர்

ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு கரன்ட் (அதன் காந்தத்துக்கு உயிர் தருவது) பஸ்ஸிலிருந்து பிரேக்கர், சுவிட்ச், ஓவர்வோல்ட்டேஜ் ரிலே எல்லாம் தாண்டி ரெகுலேட்டருக்கு வருகிறது. ரெகுலேட்டர் பஸ் வோல்ட்டேஜை அறிவதும் இதே வயரில்தான். வழியில் பழைய கான்டாக்டுகள் அரை வோல்ட் தின்றால், ஃபீல்டு கரன்ட் கூடும்போது ரெகுலேட்டர் கண்ணுக்கு வோல்ட்டேஜ் குறைந்து தெரியும், அது இன்னும் கூட்டும், கரன்ட் குறைந்ததும் வோல்ட்டேஜ் எகிறித் தெரியும், அது வெட்டும். அம்மீட்டர் முள் தாளம் போட ஆரம்பிக்கும். ரெகுலேட்டரை மாற்றினால் சில நாள் சரியாகும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. பஸ்ஸுக்கும் ரெகுலேட்டர் உள்வாய்க்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டினால் ஃபீல்டு பிரேக்கரையும் சுவிட்சையும் மாற்ற வேண்டும். செரோக்கியின் அம்மீட்டர் ஆல்டர்னேட்டர் தரும் கரன்டைக் காட்டுவது. பேட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டாது. ஆல்டர்னேட்டர் செத்தால் முள் பூஜ்யத்தில் படுக்கும்.

மேக்னெட்டோவை அணைக்கும் பி-லீட் வயர்கள் இரண்டும் ஷீல்டு (மேலே உலோகப் பின்னல் உறை உள்ள) வயர். மேக்னெட்டோ தன்பாட்டுக்கு மின்சாரம் செய்யும் சாதனம். இந்த வயர் எர்த் ஆனால்தான் அது அடங்கும். வயர் அறுந்தால் சாவி ஆஃப்பில் இருந்தாலும் புரொபெல்லரைத் தொட்டவர் கை போகும். ஷீல்டை உடம்பில் எர்த் செய்வது மேக்னெட்டோ முனையில் மட்டும். சுவிட்ச் முனையில் ஷீல்டு சுவிட்சின் எர்த் டெர்மினலுக்குப் போகும், பேனல் தகட்டுக்குப் போகாது.

உயிர் கொடுப்பது

பிரேக்கர்கள் எல்லாம் வெளியே, கருவிகள் எல்லாம் கழற்றியபடி, ஒவ்வொரு வயரையும் எர்த்தோடு ஓம் பார்த்த பிறகே பேட்டரி. அப்போதும் நேராக வேண்டாம். 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றை சீரிஸில் போட்டால் ஷார்ட் இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது. மாஸ்டரைப் போட்டதும் காயில் இழுப்பதால் பல்ப் மங்கலாக எரியும், கான்டாக்டர் தயங்கலாம், அது சரிதான். பளிச்சென்று எரிந்தால் ஷார்ட். பிறகு ஒவ்வொரு பிரேக்கராகத் தள்ளி, எந்தப் பிரேக்கரில் பல்ப் முழுசாக எரிகிறதோ அந்தச் சுற்றை மட்டும் தேடினால் போதும். எல்லாம் ஒழுங்கானபின் பல்ப்பை எடுத்துவிட்டு, கருவிகளைச் சொருகி, முதலில் எழுதிவைத்த இடங்களிலேயே வோல்ட்டேஜ் இறக்கத்தை மறுபடி அளக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது பஸ்ஸில் 14 வோல்ட் அருகே நிற்க வேண்டும். எல்லா லோடும் சேர்த்து ஆல்டர்னேட்டரின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 60 ஆம்பியருக்கு 48. ஐடிலில் சாவியை ஒரு கணம் ஆஃப்புக்குக் கொண்டுபோய் சோதிக்கும்போது எஞ்சின் அடங்கப் பார்த்தால் பி-லீட்கள் சரி. செம்பு கேபிளின் கூடுதல் எடையும், எடுத்துப்போட்ட செத்த வயர்களின் எடையும் வெயிட் அண்ட் பேலன்ஸ் (எடை, சமநிலை) பதிவில் ஏற வேண்டும். பேனலுக்குப் பின்னால் கரன்ட் ஓடும் பாதை மாறியிருப்பதால் ரேடியோவும் விளக்கும் போட்டபடி காம்பஸைத் திரும்பச் சரிபார்த்துப் புது டீவியேஷன் அட்டை (காம்பஸ் பிழையைக் காட்டும் அட்டை) எழுத வேண்டும். முதல் 25 மணி நேரம் பறந்தபின் கௌலிங்கை (எஞ்சின் மூடியை) திறந்து பெரிய லக் போல்ட்டுகளில் போட்ட பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, நகர்ந்ததை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்கினால் போதும்.